ஏற்காட்டில் இரண்டு நாள் திருமணத் தயாரிப்பு வகுப்பு

வரும் தை மாதத்தில் எங்கள் திருமணம் நடக்கவிருப்பதால், பங்குத்தந்தையின் அறிவுரைப்படி நானும் எனக்கு நிச்சயிக்கப்பட்டவரும் சேலத்திலிருந்து மலையேறி, ஏற்காட்டில் ஒரு தியான இல்லத்தில் நடந்த இந்த வகுப்பில் கலந்துகொண்டோம். தங்குமிடமும் உணவும் நன்றாகவே இருந்தன.

திருமணத்துக்கு வெளியே உடலுறவு ஏன் கூடாது என்ற அமர்வுதான் வகுப்பின் உயிர்நாடி. "பாவம்" என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடாமல், விவிலியத்தின் 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரத்தில் திருத்தூதர் பவுல் உடலைத் தூய ஆவியின் கோயில் என்று சொல்வதை எடுத்துக்காட்டி, உடல் இழிவானது என்பதால் அல்ல, புனிதமானது என்பதாலேயே இந்தக் கட்டுப்பாடு என்று அருட்தந்தை பொறுமையாக விளக்கினார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979 முதல் 1984 வரை புதன்கிழமை உரைகளில் இக்கருத்தை விரித்துரைத்ததையும் கூறினார்.

பின்வரிசையில் இருந்த ஒரு பெண் துப்பட்டா நுனியை விரலில் சுற்றியபடி, "ஏற்கெனவே தவறியவர்களுக்கு என்ன வழி, ஃபாதர்?" என்று கேட்டார். அருட்தந்தை குறிப்பேட்டை மூடிவிட்டு, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசு தண்டிக்காமல் அனுப்பும் யோவான் 8-ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசித்து, பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றிக் கனிவோடு பேசினார். அந்தப் பெண்ணை மட்டும் இயேசுவிடம் இழுத்து வந்தார்கள், உடனிருந்த ஆண் எங்கே என்ற கேள்வி எனக்கு அப்போதே எழுந்தது.

அந்தக் கேள்வி மறுநாள் வலித்தது. கற்பைப் பற்றிப் பேச வந்த மற்றொருவர் முழு நேரமும் பெண்களை நோக்கியே அறிவுரை சொன்னார். திருச்சபையின் போதனை இருவருக்கும் பொதுவானது என்பதால் இதைக் கட்டாயம் திருத்த வேண்டும். ஆயினும் மணநாள் குறித்தவர்கள் தயங்காமல் செல்லலாம். உங்கள் பங்கு ஆலயத்திலிருந்து கடிதம் வாங்கிச் செல்லுங்கள்.