பூட்டிய பாடமா, திறந்த பாடமா?

எங்கள் பள்ளி அறிவியல் ஆய்வகத்தில் சாவிகள் மாட்டும் ஆணியில் ஒரு டாங்கிளும் தொங்குகிறது; பென் டிரைவ் போலக் கணினியில் செருகும் சிறு கருவி. 2016-இல் முன்னாள் மாணவர்கள் திரட்டித் தந்த பணத்தில் வாங்கிய டிஜிட்டல் பாடத் தொகுப்பின் பூட்டு அது. கணினியில் அதைச் செருகினால்தான் பாடம் திறக்கும். மூன்றாண்டு உரிமம் முடிந்தபின் செருகினாலும் திறப்பதில்லை. வடசென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியனாக இருக்கும் நான்தான் அந்தத் தொகுப்பைப் பரிந்துரைத்தேன். ஆகவே இதைச் சூடுபட்ட பூனை எழுதியதாகவே படியுங்கள்.

மேலோட்டமான வித்தியாசங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். நிறுவனத் தொகுப்பில் குரல் தெளிவு, அனிமேஷன் வழவழப்பு, பழுதானால் கூப்பிட ஓர் ஆள். திறந்த உரிமத்தில், அதாவது யாரும் பகிரலாம், திருத்தலாம் என்ற அனுமதியோடு, கிடைப்பவை பல இடங்களில் சிதறிக் கிடக்கும். ஒன்று அருமையாக இருக்கும், அடுத்தது தூங்கவைக்கும். செயல்விளக்கம் காட்டும் அந்த ஒரு நாளை வைத்து முடிவெடுத்தால் யாரும் முதலாவதைத்தான் வாங்குவார்கள்.

என் முடிவை மாற்றியது ஒன்றே ஒன்று: பராமரிப்பு. கணினியின் பராமரிப்பு அல்ல, பாடத்தின் பராமரிப்பு.

2018-இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குத் தமிழ்நாட்டில் புதிய பாடநூல்கள் வந்தன. ஒன்பதாம் வகுப்பில் இயல்களின் வரிசை மாறியது, கலைச்சொற்கள் மாறின. எங்கள் தொகுப்போ பழைய புத்தகத்தையே ஒப்பித்துக்கொண்டிருந்தது. திரையில் ‘கரியமில வாயு’, புத்தகத்தில் ‘கார்பன் டைஆக்சைடு’. “சார், பரீட்சையில் எதை எழுதுவது?” என்று ஒரு மாணவி கேட்டாள். அந்த ஒரு சொல்லை மாற்ற எனக்கு வழியில்லை, உரிமையும் இல்லை. நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். “புதிய பதிப்புக்குத் தனி விலை சார்” என்றார்கள். ஒப்பந்தப்படி அது சரிதான். படிக்காமல் கையெழுத்துப் போட்டது நாங்கள்.

அலமாரியில் இருந்த இன்னும் பழைய குறுந்தகடுகளை எடுத்துப் பார்த்தேன். அவை ஃபிளாஷ் என்ற பழைய அனிமேஷன் மென்பொருளில் செய்தவை. அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது. அடுத்த மாதமே அது ஓடாதபடி தடுத்தும்விட்டது. குறுந்தகட்டிலிருந்த வினாக்களையாவது மீட்கலாம் என்று நகலெடுத்தால், எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன; ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் பூட்டிக் காட்டும் பழைய எழுத்துரு அது. ஒட்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் வந்தது. எந்தக் கணினியும் தமிழாகவே படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஆனாலும் பிழை பார்க்கும் வேலை குறையவில்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகு இப்போதைய ஏற்பாட்டுக்கு மாறினோம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் திட்டம், திரையில் செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகளை 2002 முதல் உருவாக்கி வருகிறது. அங்கும் பழையவை ஃபிளாஷிலும் ஜாவாவிலும்தான் இருந்தன. ஆனால் மூலநிரல், அதாவது அவற்றை எழுதிய நிரல், கையில் இருந்ததால் ஒவ்வொன்றாகப் பிரவுசரிலேயே ஓடும் எச்டிஎம்எல் 5-க்கு மாற்றிக்கொண்டார்கள். ஒரு சோதனை ஒரே கோப்பு. பென் டிரைவில் போட்டுக்கொண்டு இணையம் இல்லாத வகுப்பறையில் பிரவுசரில் திறக்கலாம். தமிழிலும் பல கிடைக்கின்றன. கணக்குக்கு ஜியோஜீப்ரா என்ற மென்பொருள், நம் பாடநூல்களின் இணையச் செயல்பாடுகளே அதைத்தான் பயன்படுத்துகின்றன. வினாத்தாள்களையும் விளக்கக் குறிப்புகளையும் நாங்களே யூனிகோடில் எழுதுகிறோம். சொல் மாறினால் மதிய இடைவேளையில் திருத்திவிடலாம்.

அரசுத் திட்டங்களையும் இதே அளவுகோலால் பார்க்கிறேன். 2017-இல் மத்திய அரசு தொடங்கிய தீக்ஷா என்ற பாடத் தளம், யாரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடிய சன்பேர்ட் என்ற திறமூல மென்பொருளின் மேல் நிற்கிறது. பாடநூலில் அச்சிட்ட க்யூஆர் கோடு அப்படியே இருக்க, அதன் பின்னால் உள்ள வீடியோவை மட்டும் மாற்ற முடியும். நாட்டுக்கே பாடம் தருகிறவர்களுக்கு இந்த வசதி பொன் போன்றது. இணையம் இல்லாத வகுப்பில் அந்தக் கோடு வெறும் கட்டம் என்பது வேறு குறை.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இலவசம் வேறு, திறந்தது வேறு. யூடியூபில் காசில்லாமல் பார்க்கும் பாடம் எல்லாம் திருத்தத் தக்கது அல்ல. படைப்பைப் பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமங்களிலேயே சில, மாற்றம் செய்வதைத் தடுக்கின்றன. 2013-இல் தொடங்கிய தேசியத் திறந்த கல்வி வளக் களஞ்சியம் தேர்ந்தெடுத்த உரிமம், மூலவர் பெயரைச் சொல்லி, அதே நிபந்தனையில் பகிர்ந்தால், திருத்தவும் இடம் தருகிறது. நமக்கு வேண்டியது அது.

நிறுவனங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல அனிமேஷனை ஆசிரியர்கள் ஓய்வு நேரத்தில் செய்ய முடியாது. பள்ளிகளும் அரசும் பணம் கொடுத்து நிறுவனங்களையே செய்யச் சொல்லட்டும். ஆனால் டெண்டரிலேயே மூலக் கோப்புகள், யூனிகோடு எழுத்து, திருத்தும் உரிமை மூன்றையும் கேட்டு வாங்கட்டும். எங்கள் ஒப்பந்தத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

நான் பார்த்தது ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை, அதுவும் அறிவியலும் கணக்கும்தான். தமிழுக்கும் சமூக அறிவியலுக்கும் நாங்கள் தேடியதில் திறந்த வளங்கள் மிகக் குறைவாகவே அகப்பட்டன. சமூக அறிவியல் ஆசிரியை இன்னும் அந்தப் பழைய தொகுப்பின் வரைபடங்களை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.