எஃகு இம்பெல்லருக்கு எது பொருந்தும்: மணலா, மெழுகா, உலோக அச்சா?

ரசாயன ஆலைப் பம்புகளுக்கு மாற்று இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று திரவத்தைத் தள்ளும் சக்கரம்) செய்து கொடுக்கும் சிறு பட்டறை எங்களுடையது. ஊர் கோவை. பெரும்பாலும் வருவது ஒரே மாதிரியான உருப்படிதான்: 165 மி.மீ. விட்டம், சுமார் 2 கிலோ எடை, சிஎஃப்8எம் எனும் துருப்பிடிக்காத வார்ப்பு எஃகு, முன்னும் பின்னும் தட்டு மூடிய வகை. மணல் வார்ப்பு, மெழுகு வார்ப்பு, உலோகப் பொடியை லேசரால் உருக்கி அடுக்கும் த்ரீடி பிரிண்டிங் (உலோக அச்சு) என மூன்று வழியிலும் செய்து பார்த்துவிட்டு மெழுகு வார்ப்பில் நிலைத்துவிட்டோம். பட்டறைகளில் இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங் என்று சொல்வது இதைத்தான்.

உருட்டுக் கம்பியிலிருந்து விஎம்சி எனும் கணினி வெட்டு இயந்திரத்தில் குடைந்தெடுக்கும் வழியும் உண்டு. ஆனால் மூடிய இம்பெல்லரின் உள்வழிகளுக்குள் கட்டர் எட்டாது. திறந்த வடிவில் வெட்டி மேல்தட்டைப் பற்றவைத்தால் தட்டு கோணும், பற்றுத் தடத்தை ஒட்டி அரிப்பும் பிடிக்கும். ஓரிரண்டு அவசர உருப்படிக்கு மட்டும் சரி.

முதல் செலவில் மணல் வார்ப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு பேட்டர்ன் (உருப்படியின் மாதிரி வடிவம்), ஒரு கோர் பாக்ஸ் (உள்வழிக்கான மணல் உருவைச் செய்யும் பெட்டி) இருந்தால் போதும், அடுத்த வாரமே உருப்படி கையில். பெரிய இம்பெல்லர்களுக்கு இன்றும் நான் அதையே சொல்வேன். சிறியதில்தான் சிக்கல், அது எடை ஒரு பக்கம் கூடியிருக்கிறதா என்று பார்க்கும் பாலன்சிங் மேசையில் தெரியவரும்.

இம்பெல்லர்களுக்கு வழக்கமாகக் கேட்கப்படும் சமநிலைத் தரம் ஜி6.3. நிமிடத்துக்கு 2900 சுற்று ஓடும் பம்பில் அதன் பொருள், எடை மையம் சுழலும் அச்சிலிருந்து சுமார் 0.02 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது என்பது. 2 கிலோ இம்பெல்லரில், 75 மி.மீ. ஆரத்தில் அரை கிராம் சொச்சம் மட்டுமே கூடுதலாக இருக்கலாம். மணல் வார்ப்பில் உள்வழியை உருவாக்குவது தனியாகச் செய்து வைக்கும் கோர். உலோகம் ஊற்றும்போது அது துளி நகர்ந்தாலும் ஒரு பக்கத் தட்டு தடிக்கும், மறுபக்கம் மெலியும். எடை மையம் 0.1 மி.மீ. விலகினால் அதே ஆரத்தில் 2.7 கிராம் எடுக்க வேண்டும். 4 மி.மீ. தட்டில் 1 மி.மீ. ஆழத்துக்குத் தேய்த்தால் ஏறக்குறைய மூன்றரை சதுர சென்டிமீட்டர் பரப்பு போய்விடும். அமிலம் ஓடும் பம்பில் அந்த மெலிந்த இடம்தான் முதலில் ஓட்டையாகும். பாலன்சிங் சான்றிதழ் அப்போதும் சரியாகவே இருக்கும், இம்பெல்லரின் ஆயுள்தான் பாதியில் நின்றுபோகும். வார்ப்பு விலையை மட்டும் ஒப்பிடுபவர்கள் கவனிக்காமல் விடுவது இப்படித் தேய்த்தெடுப்பதை.

மெழுகு வார்ப்பில் இந்த நகர்வு வெகுவாகக் குறைகிறது. நீரில் கரையும் மெழுகில் உள்வழியை முதலில் வார்த்து, அதை டை எனும் அலுமினிய வார்ப்பெட்டிக்குள் வைத்துச் சுற்றிலும் சாதா மெழுகைச் செலுத்துவார்கள். உள்மெழுகைக் கரைத்தெடுத்தால் இம்பெல்லரின் முழு மெழுகு வடிவம் கிடைக்கும். அதைப் பீங்கான் குழம்பில் முக்கி, மணல் தூவி, உலர்த்தி, ஆறேழு பூச்சுக்குப் பிறகு நீராவியில் மெழுகை உருக்கி வெளியேற்றி, எஞ்சும் பீங்கான் ஓட்டைச் சுட்டு, சூடாக இருக்கும்போதே எஃகை ஊற்றுவார்கள். உள்ளும் புறமும் ஒரே ஓடாக இருப்பதால் தனியாக நகர எதுவும் இல்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் காவிரி வண்டலைப் பூசிச் செய்வதன் அடிப்படையும் இதுதான். சிலைக்குச் சிலை மெழுகுருவைக் கையால் வடிக்கிறார்கள், இங்கே டை அதைத் திரும்பத் திரும்பத் தருகிறது. தண்ணீர் ஓடும் பரப்பு வழவழப்பாக அமைவது இன்னொரு லாபம். மணல் வார்ப்பின் சொரசொரப்பான உள்வழியை அரைத்துச் சீராக்கக் கை நுழையாது.

குறையும் உண்டு. உள்வழி 5 மி.மீ.க்குக் கீழே குறுகினால் குழம்பு உள்ளே சரியாக ஏறாது, ஏறினாலும் உலராது. அந்த வடிவங்களுக்குச் சுட்ட பீங்கான் கோர் வேண்டும், செலவு எகிறும். டை செய்யும் காலம் சேர்ந்தால் முதல் உருப்படிக்கு வாரக்கணக்கில் பொறுமை தேவை.

உலோக அச்சைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இஸ்ரோ தனது பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்டத்துக்கான பிஎஸ்4 இன்ஜினை அப்படி மறுவடிவமைத்து, 14 பாகங்களை ஒன்றாக்கி, 19 வெல்டிங் இணைப்புகளை நீக்கி, 2024 மே மாதம் மகேந்திரகிரியில் 665 விநாடி ஓட்டிக் காட்டியது. ஓர் இன்ஜினுக்கு 565 கிலோ மூலப்பொருள் பிடித்த இடத்தில் 13.7 கிலோ பொடி போதுமானது. நம் இம்பெல்லரில் அப்படிச் சேர்த்து ஒன்றாக்க வேண்டிய பாகங்களே இல்லை. மேலும், படுக்கையாக நீளும் கூரைப் பரப்புகளுக்கு அச்சிடும்போது முட்டுக் கொடுக்க வேண்டும், மூடிய வழிக்குள் கொடுத்த முட்டுகளை வெட்டியெடுக்க வழியில்லை. நாங்கள் அச்சிட்டவை சில உருப்படிகள்தான். கடல்நீரில் அவை பல ஆண்டு தாங்குமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

அச்சு எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது வேறிடத்தில். டை செய்யுமுன், பிளாஸ்டிக்கில் அச்சிட்ட பேட்டர்னை மெழுகுக்குப் பதிலாக வைத்து முதல் உருப்படிகளை வார்த்துப் பம்பில் ஓட்டிப் பார்த்துவிடலாம். சூட்டில் பிளாஸ்டிக் விரிந்து பீங்கான் ஓட்டைப் பிளக்காதபடி பேட்டர்ன் உள்ளே கூடாக இருக்க வேண்டும், எரித்த பின் சாம்பல் தங்கக் கூடாது. பிளேடு கோணத்தை மாற்ற வேண்டியிருந்தால் அந்தக் கட்டத்திலேயே மாற்றிவிடுங்கள். டை வந்த பிறகு திருத்துவது பெருஞ்செலவு.

ஆர்டர் கொடுக்கும்போது இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாலன்சிங்குக்காக எங்கே, எவ்வளவு ஆழம் வரை தேய்க்கலாம் என்பது வரைபடத்திலேயே இருக்க வேண்டும். டை யாருக்குச் சொந்தம், ஃபவுண்டரி (வார்ப்பு ஆலை) மாறினால் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பது ஆர்டரில் இருக்க வேண்டும்.