சியெனாவா, லுக்காவா? இருவர் நடக்க ஒரு பகல்

இத்தாலியின் புளோரன்ஸில் தங்கியிருக்கும்போது ஒரு பகல் மிச்சப்பட்டால் இந்தக் கேள்வி எழும். தெற்கே சியெனா, மேற்கே லுக்கா. இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரப் பயணம். இரண்டும் மதிலுக்குள் அடங்கிய பழைய ஊர்கள். நானும் என் கணவரும் செப்டம்பரில் அடுத்தடுத்த நாட்களில் இரண்டையும் கால்நடையாகவே சுற்றி வந்தோம். நான் லுக்கா கட்சி, அவர் சியெனா கட்சி. எழுதுவது நானாகையால் தராசு கொஞ்சம் சாயும்.

சியெனாவுக்குப் போக ரயிலைவிட பஸ் மேல். ரயில் நிலையம் மேட்டுக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து நகரும் படிகளில் ஒன்று மாற்றி ஒன்றாக ஏறித்தான் ஊருக்குள் வர வேண்டும். பஸ்ஸோ பழைய ஊரின் விளிம்பிலேயே இறக்கிவிடுகிறது. லுக்காவுக்கு ரயில்தான் சரி. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சாலைக்கு அப்பால் புல்வெளி, புல்வெளிக்கு அப்பால் மதில். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையருகே இருக்கும் சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை போட்டுக்கொள்ளுங்கள். மறந்தால் அபராதம். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

சியெனா மூன்று குன்றுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அங்கே நடப்பது என்றால் ஏறுவது அல்லது இறங்குவது. தெருக்கள் குறுகல், எதிரே பத்துப் பேர் வந்தால் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். என் கணவருக்கோ எங்கே போனாலும் நான்கடி முன்னால் நடக்கிற பழக்கம். சியெனா அவருக்காகவே கட்டிய ஊர். காலை பத்து மணியிலிருந்து மதியம் வரை நான் அதிகம் பார்த்தது அவருடைய முதுகைத்தான்.

ஆனால் ஊரைக் குறை சொல்ல வாய் வராது. சியெனா பதினேழு பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம்: நத்தை, ஆமை, வாத்து, ஆந்தை என்று போகும். சுவரில் பதித்த சிறு பலகையைப் பார்த்தால் எந்தப் பேட்டையில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். வாத்துப் பேட்டையில் இருக்கும் ஃபோன்தெபிராந்தா என்ற பழைய நீர்த்தொட்டியைப் பார்க்க இறங்கினோம். இறங்கியதெல்லாம் சரி, அங்கிருந்து பேராலயத்துக்கு ஏறியபோது என் முழங்கால் ஒவ்வொரு வளைவிலும் தன் கருத்தைச் சொன்னது.

ஏறியதற்குப் பலன் உண்டு. பேராலயத்தின் தரை முழுவதும் பளிங்கில் இழைத்த சித்திரங்கள். ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே மூடியை எடுத்து முழுவதையும் காட்டுகிறார்கள். எங்களுக்கு அதிர்ஷ்டம். வெளியே பக்கவாட்டில் ஒரு பெரிய சுவர் தனியாக நிற்கிறது. 1339இல் இந்தப் பேராலயத்தையே வெறும் குறுக்குக்கூடமாக்கி, அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கட்ட முனைந்தார்கள். 1348இல் கொள்ளைநோய் வந்து ஊரை வாரிக்கொண்டு போயிற்று. மிஞ்சியது அந்தச் சுவர்.

பிறகு காம்போ சதுக்கம். பெயர்தான் சதுக்கம், உருவம் சிப்பி. ஒரு காலத்தில் ஒன்பது பேர் கொண்ட அவை சியெனாவை ஆண்டது. அதன் நினைவாகச் செங்கல் தரையை வெண்கல் கோடுகளால் ஒன்பது கூறாகப் பிரித்திருக்கிறார்கள். எல்லாக் கூறும் அரசு மாளிகையை நோக்கிச் சரிகின்றன. அவர் நானூறு படி ஏறி மாஞ்ஜா கோபுரத்துக்குப் போனார். நான் சரிவில் சாய்ந்து படுத்தேன். வெயில் குடித்த செங்கல் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தது. அன்றைய நாளில் எனக்குப் பிடித்த முக்கால் மணி நேரம் அதுதான். ஆனால் அவர் அதில் இல்லை.

லுக்கா சமதரை. ஊரைச் சுற்றி நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல் மதில். பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கி 1650 வாக்கில் முடித்தார்கள். அவ்வளவு பாடுபட்டும் முற்றுகையிட எதிரி ஒருவனும் வரவில்லை. வந்தது வெள்ளம்: 1812இல் செர்க்கியோ ஆறு பெருகியபோது கதவுகளை அடைத்து ஊரைக் காத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதிலின் மேற்பரப்பை மரம் நட்டு உலாவும் சாலையாக்கினார்கள். வண்டி போகும் அகலம். இருவர் தோளோடு தோள் நடந்து, எதிரே வருகிற இருவருக்கும் தாராளமாக வழி விடலாம். அவர் இங்கும் முன்னால் போகப் பார்த்தார். போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் இல்லாததால் வேகம் தானாகக் குறைந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டே சுற்றினோம். கீழே வீடுகளின் கொல்லைப்புறத்தில் துணி காய்ந்தது. இருவர் மிதிக்கும் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது, எடுப்போமா என்றார். வேண்டாம் என்றேன். அதிலும் ஒருவர் முன்னால்தான் உட்கார வேண்டும்.

ஊருக்குள் பார்க்க அதிகம் இல்லை என்பார்கள். பெருமைகளை எண்ணினால் சியெனா ஜெயிக்கும், அது உண்மை. ஆனால் ரோமானியரின் அரங்கம் இருந்த இடத்தில், அதே நீள்வட்டத்தில் வீடுகள் வளைந்து நிற்கும் சந்தைத் திடல் இங்கே இருக்கிறது. உச்சியில் ஓக் மரங்கள் வளரும் குயினீஜி கோபுரம் இருக்கிறது. உயரம் சுமார் 45 மீட்டர், என் முழங்கால் அதற்குச் சம்மதித்தது. இசையமைப்பாளர் புச்சீனி பிறந்ததும் இந்த ஊரில்தான், 1858இல்.

எல்லாவற்றுக்கும் மேல், இரண்டு ஊரையும் இணைக்கும் ஒரு கை உண்டு. காம்போவின் மேட்டில் இருக்கும் கயா நீரூற்றைச் செதுக்கியவர் யாகோபோ தெல்லா குவேர்ச்சா, சியெனாக்காரர். சதுக்கத்தில் இப்போது இருப்பது நகல். லுக்கா பேராலயத்தில் அவர் செதுக்கிய அசலையே பக்கத்தில் நின்று பார்க்கலாம்: லுக்காவை ஆண்ட பாவ்லோ குயினீஜியின் மனைவி இலாரியாவின் கல்லறைச் சிலை. பிள்ளைப்பேற்றில் 1405இல் இறந்தவள். உயர்ந்த கழுத்துப்பட்டியோடு உறங்குகிறாள். காலடியில் ஒரு சிறு நாய், தலையைத் தூக்கி அவள் முகத்தையே பார்க்கிறது. என் கணவர் வெகுநேரம் பேசாமல் நின்றார். “அவன் ரொம்பவும் நேசித்திருக்கிறான்” என்றார். அவனுக்கு மொத்தம் நான்கு மனைவிகள், இவள் இரண்டாமவள் என்று சொன்னேன். நாயைப் படமெடுத்துக்கொண்டார்.

சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. சியெனாவில் பிச்சி என்ற தடித்த நூடுல்ஸும் பான்ஃபோர்த்தே என்ற வாசனைப் பலகாரமும். லுக்காவில் உலர்திராட்சையும் சோம்பும் போட்ட புச்செல்லாத்தோ ரொட்டி. ரொட்டி ரயிலில் தின்னத் தோது.

இரவு தங்க முடிந்தால், கால் திடமாக இருந்தால், சியெனா; பகல்கூட்டம் கலைந்த பிறகு காம்போவில் உட்காரக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்பும் இருவருக்கு லுக்கா. எதுவானாலும் நாட்காட்டியைப் பாருங்கள்: ஜூலை 2, ஆகஸ்ட் 16 சியெனாவில் குதிரைப் பந்தயம்; அக்டோபர் கடைசியில் லுக்காவில் காமிக்ஸ் திருவிழா. அந்தத் திருவிழாவில் மதில் மேல்கூடச் சேர்ந்து நடக்க இடம் கிடைக்காது.