மெசலமைன் எனிமா (4 கிராம், 60 மிலி): மருந்து சரி, குப்பிதான் படுத்துகிறது

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்கிற பெருங்குடல் அழற்சி பெரும்பாலும் மலக்குடலில் ஆரம்பித்து மேலே ஏறும். புண் இடப்பக்கக் குடலோடு நின்றிருந்தால் இந்த எனிமா, அதாவது ஆசனவாய் வழியே செலுத்தும் அழற்சி குறைக்கும் திரவ மருந்து, நேராகப் புண்ணிலேயே போய்ப் படியும். வாய்வழி மாத்திரையும் சேர்ந்தால் பலன் இன்னும் கூடும். மலக்குடலில் மட்டும் புண் என்றால் ஆசனவாயில் வைக்கும் 1 கிராம் சப்போசிட்டரி மாத்திரையே போதும், அதற்கு இவ்வளவு பாடு வேண்டாம். சிறுகுடலைப் பிடித்த குரோன்ஸ் நோய்க்கு இது எட்டவே எட்டாது.

'உள்ளே நிற்கவே மாட்டேன் என்கிறது' என்பதுதான் இதன்மேல் எப்போதும் வரும் புகார். பாதி காரணம் நோயே: வீங்கிய மலக்குடல் சில மில்லி திரவம் பட்டாலே வெளியே தள்ளப் பார்க்கும். மீதிக் காரணம் போடும் விதம். குளிர்ந்த திரவம் உந்துதலைக் கிளப்பும், அதனால் குப்பியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குங்கள். மருந்து அடியில் படிந்திருக்கும், நன்றாகக் குலுக்க வேண்டும். படுக்கப் போகும்முன் மலம் கழித்துவிட்டு இடப்பக்கமாகப் படுங்கள். இடக்கால் நீட்டி, வலக்கால் மடங்கி முன்னால் இருக்கட்டும். குப்பி நுனியைத் தொப்புள் பக்கம் லேசாகச் சாய்த்து ஆசனவாயில் செருகி, மெதுவாக, விடாமல் அழுத்துங்கள். கடைசிச் சொட்டுக்காகப் பிழிய வேண்டாம், காற்றுதான் போகும். அழுத்திய பிடியைத் தளர்த்தாமலே குப்பியை வெளியே எடுங்கள். தளர்த்தினால் போன மருந்தைக் குப்பி திரும்ப உறிஞ்சிவிடும். அரை மணி நேரம் அப்படியே படுத்திருந்தால் மருந்து பரவும். இரவு முழுக்க நிற்பதுதான் இலக்கு. ஆரம்பத்தில் ஒரு மணி நேரமே நின்றாலும் விட்டுவிடாதீர்கள், புண் ஆற ஆறத் தாங்கும் நேரம் கூடும்.

உறையில் பெரிய எழுத்தில் போட வேண்டிய ஒன்று கறை. துணி, பளிங்கு, கிரானைட், வினைல் எதையும் விடாது. அடியில் பழைய துண்டு விரிக்காமல் குப்பியைத் திறக்கவே கூடாது. அலுமினிய உறையைப் பிரித்ததும் காற்றுப் பட்டு மருந்தின் நிறம் கருக்கும். லேசான பழுப்பு பரவாயில்லை, அடர் பழுப்பானால் குப்பைக்குத்தான். மொத்தமாகப் பிரித்து அடுக்கி வைப்பது காசைக் கரைக்கும் வேலை.

பலன் சிலருக்குச் சில நாளில் தெரியும், சிலருக்கு மூன்று வாரம் ஆகும். ரத்தம் நின்றவுடன் சொந்தமாக நிறுத்துபவர்களுக்கு நோய் திரும்புவது சகஜம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைப்பதை மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள். சில தயாரிப்புகளில் சல்ஃபைட் என்ற பதப்பொருள் உண்டு, ஆஸ்துமா உள்ளவர்கள் உறையைப் படித்தாக வேண்டும். அவ்வப்போது சிறுநீரகப் பரிசோதனையும் தேவை. ஆரம்பித்த பிறகு வயிற்றுப் பிடிப்பு, காய்ச்சல், தலைவலி, ரத்தப் போக்கு கூடினால், நோய்தான் முற்றுகிறது என்று எண்ணி மேலும் போட்டுக்கொண்டே போகாதீர்கள். அபூர்வமாக மெசலமைனே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. நோய் கிளம்பியதைப் போலவே தோன்றும். உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.