'ஜஸ்ட் ஆட் ஐஸ்' ஆர்க்கிட்: குளிர்காலம் தாண்டுமா?

வாரம் மூன்று ஐஸ் கட்டி போட்டால் போதும் என்ற அட்டையோடு அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டுகளில் விற்கும் ஆர்க்கிட் இது. ஒஹாயோ மாநிலம் ஓபர்லினில் இருக்கும் கிரீன் சர்க்கிள் குரோவர்ஸ் பண்ணையின் சரக்கு. உள்ளே இருப்பது ஃபலனாப்சிஸ், அதாவது வீட்டுக்குள் வளர்க்க ஆர்க்கிடுகளிலேயே லேசானது. செடி தாராளமாக வாங்கலாம். ஆனால் மிச்சிகன், சிக்காகோ, நியூஜெர்சி குளிரைத் தாண்டி அடுத்த வருடமும் பூக்க வேண்டுமானால் அந்த அட்டையை மட்டும் நம்ப முடியாது.

முதலில் ஐஸ். வெப்பமண்டலச் செடியின் வேரில் ஐஸ் வைத்தால் கருகிவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். ஒஹாயோ ஸ்டேட், ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் மூன்று கட்டி பெற்ற செடிகளிலும் அதே அளவு சாதாரணத் தண்ணீர் பெற்ற செடிகளிலும் பூக்கள் ஒரே அளவு காலம் நின்றன. ஐஸ் பூவைக் கெடுக்கவில்லை. ஆனால் அந்தச் செடிகள் மரப்பட்டையில் வளர்ந்தவை. கடையில் கிடைப்பவற்றில் பல, தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துவைக்கும் ஸ்பேக்னம் பாசியை அழுத்தி அடைத்த தொட்டியில் வருகின்றன. சிக்கல் தொடங்குவது இந்தப் பாசியில்தான்.

வீட்டுத் தட்டில் உறைந்த மூன்று கட்டி உருகினால் ஏறக்குறைய 80, 90 மில்லி தண்ணீர். 5 அங்குலத் தொட்டியில் அது கட்டி வைத்த பக்கத்தை மட்டும் நனைக்கும். எதிர்ப்பக்க வேர் காயும். நடுவிலோ, நாற்றாக இருந்தபோது வைத்த பாசி உருண்டை ஈரம் விடாமல் ஊறிக்கிடக்கும். வேருக்குக் காற்றும் வேண்டும், அது கிடைக்காததால் நடு வேர் அழுகுகிறது. இலை சுருங்கித் தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள், செடி போய்விடும். டிசம்பர், ஜனவரியில் வெளிச்சம் குறைந்து செடி தண்ணீர் குடிப்பதும் குறைவதால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

அதனால் கிழமை பார்த்து ஊற்றாமல் வேரைப் பார்த்து ஊற்றுங்கள். வேர் வெள்ளி நிறத்துக்கு வந்து, தொட்டியைத் தூக்கினால் லேசாக இருந்தால் தண்ணீர் நேரம். பச்சையாக இருந்தால் பொறுங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியைப் பீங்கான் உறையிலிருந்து எடுத்து, வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரை அரை நிமிடம் பாசி முழுக்க விட்டு, கால் மணி நேரம் வடியவிட்டுத் திரும்ப வையுங்கள். அந்த அழகான பீங்கான் உறையில் பெரும்பாலும் ஓட்டை இருக்காது. அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் நின்றாலும் அழுகல்தான். உப்புப் போட்டு மென்மையாக்கிய தண்ணீர் வேண்டாம். இலைகள் கூடும் நடுக்குருத்தில் தண்ணீர் தங்கினால் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுங்கள். குளிர்ந்த இரவில் அங்கே தொடங்கும் அழுகல் ஒரே வாரத்தில் செடியை முடித்துவிடும்.

இடம்: கோடையில் தெற்கு ஜன்னல் இலையைச் சுட்டுவிடும், டிசம்பர் வெயிலுக்கு அதே ஜன்னல்தான் நல்லது. இரவில் 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகவிடாதீர்கள். கண்ணாடியில் இலை உரசினால் அந்த இடம் குழிந்து கறுக்கும். ஹீட்டர் காற்று நேரே அடிக்கும் இடமும் ஆகாது. ஹீட்டர் ஓடும் வீட்டில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். செடிக்கு 40க்கு மேல் வேண்டும். கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைப்பதால் கிடைக்கும் பலன் கொஞ்சம்தான். சின்ன ஹியூமிடிஃபையர் ஒன்று வைத்தால் தெரியும் வித்தியாசம். மொட்டு விரியாமல் மஞ்சளாகி உதிர்ந்தால் இந்த வறட்சியையும், பக்கத்தில் வாழைப்பழம், ஆப்பிள் கூடை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழுக்கும் பழத்தின் எத்திலீன் வாயு மொட்டை உதிர்க்கும்.

உரம், 20-20-20 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) போதும், பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு, இரண்டு மூன்று தண்ணீருக்கு ஒருமுறை. மாதம் ஒருதரம் வெறும் தண்ணீரால் நன்றாக அலசி விடுங்கள். இலை இடுக்கில் பஞ்சுபோல மாவுப்பூச்சி தெரிந்தால் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம், வாரம் ஒருமுறை, பூச்சி ஒழியும்வரை.

தொட்டி மாற்றுவதைப் பூ முடிந்து வசந்தம் வரும்வரை தள்ளிவையுங்கள். வேர் அழுகி நாற்றம் வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். பாசியைப் பிரித்து, நடு உருண்டையை விரலால் உதிர்த்து எடுத்து, கொழகொழ வேரை வெட்டி, நடுத்தர அளவு பைன் பட்டையில், பக்கவாட்டில் ஓட்டையுள்ள, உள்ளே இருக்கும் வேர் தெரியும் பிளாஸ்டிக் தொட்டியில் நடலாம். பழைய தொட்டியைவிடப் பெரிது வேண்டாம். பட்டை சீக்கிரம் காயும் என்பதால் அதன்பிறகு வேரை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

கடையில் எடுக்கும்போது, மேலே தெரியும் வேர் கெட்டியாக இருக்கிறதா, குருத்து பச்சையா என்று பாருங்கள். எல்லாப் பூவும் விரிந்ததைவிட நுனியில் நாலைந்து மொட்டு உள்ளது நல்லது. தானியங்கிக் கதவுக்குப் பக்கத்தில் குளிர்காற்று வாங்கிக்கொண்டிருக்கும் செடியை விட்டு உள்பக்கத்ததை எடுங்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே என்றால் பூத்தண்டு முழுக்கக் காகிதம் சுற்றி, காரை முன்கூட்டியே சூடாக்கிவிட்டு, பிறகு செடியை வெளியே கொண்டுபோங்கள்.