சபைக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டா விளம்பரம்: 2019ல இருந்து ஓட்டிப் பாத்த அனுபவம்

2019 கிறிஸ்துமஸ்ல ஆரம்பிச்சது. கூடுவாஞ்சேரி ஊரப்பாக்கம் பக்கம் இருக்கற சின்ன தமிழ் சபை எங்களுது, நாசரேத், சாயர்புரம், மார்த்தாண்டம்னு தெக்க இருந்து வேலைக்கு வந்து இங்கயே வீடு கட்டினவங்கதான் பாதிக்கு மேல. அதுவரைக்கும் விளம்பரம்னா கேட்டுல ஒரு ஃப்ளெக்ஸ், கொஞ்சம் கைப்பிரதி, டிசம்பர்ல கேரல் ரவுண்ட்ஸ் போறப்ப வீட்டுக்கு வீடு ஒரு அழைப்பு, அவ்ளோதான். ஃப்ளெக்ஸ் காசுல பாதிய ஃபேஸ்புக்ல போட்டுப் பாக்கலாமான்னு கமிட்டில கேட்டேன். பொருளாளர் அண்ணாச்சி, "பாத்தவன் கோயிலுக்கு வந்தானா இல்லையான்னு எப்படிப்பா தெரியும்?"னு கேட்டார். இன்னிக்கு வரைக்கும் அந்த ஒரு கேள்விய வச்சுத்தான் நான் எல்லாத்தையும் எடை போடறேன், அதனால இதை எழுதறதும் அதை மனசுல வச்சுத்தான்.

முதல்ல பண்ணது பூஸ்ட் போஸ்ட் பட்டன், போட்ட போஸ்ட காசு கட்டி நிறைய பேருக்குக் காட்டறது. நட்சத்திரம் கட்டி லைட் போட்ட கோயில் போட்டோ, முழு சென்னைக்கும் ஓட விட்டேன். லைக் கொட்டுச்சு, "ஆமென்" கமெண்ட் வரிசையா வந்துச்சு, அண்ணா நகர்ல இருந்தும் ராயபுரத்துல இருந்தும். அவங்க யாரும் அவங்க சபைய விட்டுட்டு ஊரப்பாக்கம் வரப் போறது இல்லை, வரவும் வேண்டாம். பண்டிகை அன்னிக்கு ஐயர் (எங்க சபைல போதகர அப்படித்தான் கூப்பிடுவோம்) வாசல்ல நின்னு கை குடுக்கறப்ப நானும் பக்கத்துல நின்னு புது முகம் தேடினேன், அன்னிக்கு எல்லா வீட்லயும் சொந்தக்காரங்க வந்திருப்பாங்க, யாரு எப்படி வந்தாங்கன்னு எங்க கண்டுபிடிக்க. பட்டன் சுலபமா இருக்குன்னு அதுல போடாதீங்க, ஃபேஸ்புக்கோட விளம்பரத்துக்குன்னே இருக்கற ஆட்ஸ் மேனேஜர்ல உக்காந்து ஒரு வாரம் கத்துக்கிட்டா ஏரியா, வயசு, எதுக்காக ஓடணும் எல்லாம் நம்ம கையில இருக்கும்.

லாக்டவுன் வந்துச்சு. 2020 ஏப்ரல் 12 ஈஸ்டர், காலி கோயில்ல ஐயர் ஒருத்தர், ஆர்கன் வாசிக்கற தம்பி, போன் புடிச்சுட்டு நான். அந்த லைவ் வீடியோக்கெல்லாம் பணம் போட்டு ஓட்டினேன், வியூஸ் ஆயிரக்கணக்குல ஏறுச்சு, கமிட்டில எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம்தான் புரிஞ்சுது, 3 செகண்ட் ஓடினாலே அப்ப அங்க ஒரு வியூ. அதுக்குப் பக்கத்துலயே த்ரூபிளேன்னு ஒரு கணக்கு இருக்கும், 15 செகண்ட் பாத்தவங்க, இல்ல அதைவிடச் சின்ன வீடியோன்னா முழுசா பாத்தவங்க. அதைப் பாத்தா நம்பர் சட்டுனு கீழ வந்துடும். நம்ம சபை ஜனங்களுக்கு லிங்க் எப்படியும் வாட்ஸப் குரூப்ல போயிடுது, அந்தப் பணம் போடாமயே இருந்திருக்கலாம்னு இப்ப தோணுது.

2021 அக்டோபர்ல கார்டுல இருந்து தானா பணம் எடுக்கறதுக்கான ரிசர்வ் பேங்க்கோட ஆட்டோ டெபிட் விதி மாறினப்ப எங்க கார்டுல பணம் எடுக்கறது நின்னு போய் ஒரு வாரம் எல்லாம் முடங்குச்சு. அப்பதான் யுபிஐல முன்னாடியே பணம் போட்டு வச்சு அது தீர்ற வரைக்கும் ஓட்டற முறைக்கு மாறினோம். காணிக்கைப் பணம்கறதால இதுதான் நல்லது, போட்டதுக்கு மேல ஒரு ரூபா போகாது. 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கு, கமிட்டில தொகை கேக்கறப்ப அதையும் சேத்து கேளுங்க.

2022 ஜனவரி 19 எங்களுக்குப் பெரிய மாற்றம். அதுவரைக்கும் மதம் சம்பந்தப்பட்ட விருப்பங்கள வச்சு ஆளப் பிரிச்சு விளம்பரம் காட்ட முடிஞ்சுது, கத்தோலிக்க திருச்சபைல விருப்பம் உள்ளவங்கங்கற மாதிரி, அன்னில இருந்து ஃபேஸ்புக், இன்ஸ்டா ரெண்டையும் நடத்தற மெட்டா கம்பெனி அதையெல்லாம் எடுக்க ஆரம்பிச்சாங்க. மதம் மட்டும் இல்ல, உடம்புக்கு என்ன, அரசியல் என்னங்கற மாதிரி விஷயங்களும் அதோட போச்சு. கை ஒடிஞ்ச மாதிரி இருந்துச்சு எனக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஏற்கெனவே கிறிஸ்தவப் பக்கங்கள லைக் பண்ணவங்களுக்குக் காட்டினா யாரு வருவா, பக்கத்து சபைல இருக்கறவங்கதான் வருவாங்க. ஆடு திருடறதுன்னு நம்ம ஆளுங்க சொல்ற அதே வேலைய நான் காசு குடுத்து மெஷின்ல பண்ணிட்டு இருந்திருக்கேன். மனசுக்கு உறுத்தலாத்தான் இருக்கு. அந்த வசதி போனதுல எனக்கு இப்ப வருத்தமே இல்ல.

வாசகமும் கத்துக்க வேண்டியிருந்துச்சு. "நீங்கள் கிறிஸ்தவரா? இந்த ஏரியாவுக்குப் புதுசா?"ன்னு எழுதினேன், ஃபேஸ்புக் ஓகே பண்ணல. தப்பு என் பேர்லதான், படிக்கறவங்க மதம் இன்னதுன்னு தெரிஞ்ச மாதிரி விளம்பரம் பேசக்கூடாதுன்னு விதியே இருக்கு. நம்மளப் பத்திச் சொல்லலாம், அவங்களப் பத்திச் சொல்லக்கூடாது. "தமிழ் ஆராதனை, ஞாயிறு காலை 8 மணி, எல்லாரும் வரலாம்"னு மாத்தினேன், ஓகே ஆயிடுச்சு.

அப்புறம் மிச்சம் இருந்தது இடம்தான், மேப்ல கோயில் மேல பின் வச்சு சுத்தி 5 கிலோமீட்டர். அதுலயும் ஒண்ணு பட்டுத் தெரிஞ்சுது. 2023 டிசம்பர் கடைசில கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் திறந்தாங்க, அது நம்ம வட்டத்துக்குள்ளயே வருது. ஜனவரில இருந்து மெசேஜ் எல்லாம் மதுரை, திருச்சி, தஞ்சாவூர்னு வர ஆரம்பிச்சுது, என்னன்னே புரியல. அந்த இடத்துல குடியிருக்கறவங்களோட சமீபத்துல வந்து போனவங்களுக்கும் விளம்பரம் போகும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்கு பஸ் ஏற நிக்கற கூட்டத்துக்குப் பாதிப் பணம் போயிட்டு இருந்திருக்கு! பஸ் ஸ்டாண்ட் மேல ஒரு பின் வச்சு அதைச் சுத்தி மட்டும் வேண்டாம்னு விலக்கி விட்டேன், சரியாச்சு. உங்க பக்கத்துல ஜங்ஷனோ பெரிய மாலோ இருந்தா முதல்ல இதைப் பாருங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். 2023 ஜூன்ல இருந்து விளம்பரத்த தட்டினா நேரா வாட்ஸப் திறக்கற மாதிரி வச்சோம். சபைக்குன்னு தனி சிம், வாட்ஸப் பிசினஸ், பதில் சொல்ல நானும் ஒரு அக்காவும். நான் என்ன நினைச்சேன்னா ஜெபக் குறிப்பு வரும், வேதத்துல சந்தேகம் கேப்பாங்க, இல்லன்னா திட்டுவாங்கன்னு. வந்த கேள்விய பாருங்க: தமிழா இங்கிலீஷா, எத்தனை மணிக்கு முடியும், கார் நிறுத்த இடம் இருக்கா, சின்னக் குழந்தை அழுதா பரவால்லையா, நாங்க ஆர்சி (ரோமன் கத்தோலிக்) வரலாமா, நாங்க ஹிந்து சும்மா பின்னாடி உக்காந்துட்டுப் போகலாமா. திரும்பத் திரும்ப வந்த ஒண்ணு, "எத்தனை படி ஏறணும்?"

இதைக் கேட்டது எல்லாம் முப்பது நாப்பது வயசு ஆளுங்க, கேட்டது அவங்களுக்காக இல்ல. ஊர்ல அப்பா தவறிப் போயிருப்பார், அம்மாவ தனியா விட முடியாம இங்க அப்பார்ட்மெண்ட் அஞ்சாவது மாடிக்குக் கூட்டிட்டு வந்திருப்பாங்க, மகனும் மருமகளும் வேலைக்குப் போயிடுவாங்க, அந்த அம்மாவுக்கு இங்க ஒரு முகம் தெரியாது. ஊர்ல அறுபது வருஷம் ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போனவங்க, சபை விருந்தான அசனத்துக்கு அரிசி களைஞ்சவங்க, இங்க ஜன்னல் வழியா ஜிஎஸ்டி ரோட்ட (சென்னைல இருந்து தெக்க போற ஹைவே) பாத்துட்டு உக்காந்திருக்காங்க. நம்ம கோயிலுக்கு வாசல்ல ஏழு படி. ஒரு தம்பி, "ஏழு படி அம்மாவால முடியாது அண்ணா, பரவால்ல"ன்னு போட்டுட்டு போயிட்டார். அந்த மெசேஜ நான் ரொம்ப நாள் அழிக்கல.

அதுமாதிரி வந்ததையெல்லாம் பேர் நம்பர் இல்லாம ஒரு தாள்ல எழுதி கமிட்டில வாசிச்சேன். ரெண்டு மாசத்துல பக்கவாட்டுல சாய்வு பாதை போட்டாங்க. காசு குடுத்தது அதே பொருளாளர் அண்ணாச்சிதான், அவர் வீட்லயும் வயசானவங்க இருக்காங்க. அந்தத் தம்பிக்கு நானே மெசேஜ் போட்டேன், அடுத்த ஞாயிறே அம்மாவ வீல்சேர்ல கூட்டிட்டு வந்தார். அந்த அம்மா ஐயரப் பாத்ததும் "ஸ்தோத்திரம் ஐயா"ன்னு ரெண்டு கையயும் கூப்பினாங்க, அதுக்கு மேல பேச்சு வரல அவங்களுக்கு.

அதுக்கப்புறம் விளம்பரத்தையே மாத்திட்டேன். டிசைனர் குடுத்த போஸ்டர், புறா, மேகம், வசனம் எல்லாம் தூக்கிட்டு போன்ல எடுத்த படம் மூணு: வாசல் கேட்டும் பக்கத்து பஸ் ஸ்டாப்பும், சாய்வு பாதை, மர நிழல்ல வண்டி நிறுத்தற இடம். கீழ ரெண்டு வரி, "படி ஏற முடியாதவங்களுக்குத் தனி வழி இருக்கு. வரத் துணை வேணும்னா சொல்லுங்க." எந்தப் போஸ்டருக்கும் இவ்ளோ மெசேஜ் வந்தது இல்ல. இதே மாதிரி நைட் ட்யூட்டி முடிச்சு வர்ற நர்ஸ் பொண்ணுங்க சாயங்கால ஆராதனை இருக்கான்னு கேட்டுக் கேட்டு, இப்ப மாசத்துல ரெண்டு ஞாயிறு 6 மணிக்கு நடக்குது.

பண்ணக்கூடாததுன்னு சிலத சொல்லணும். நோய் குணமாகும்னு விளம்பரத்துல எழுதவே எழுதாதீங்க, மந்திரம் தாயத்து மாதிரி விஷயங்களால நோய் தீரும்னு விளம்பரம் பண்றதுக்கு எதிரா 1954லயே மத்திய அரசு சட்டம் இருக்கு, ஜெபம் அதுல வருமா வராதான்னு வாதம் பண்ணவே வேண்டாம். சட்டம் இருக்கட்டும், கேன்சர் வார்டுல உக்காந்து போன் பாக்கற ஒருத்தர் கண்ணுல அது பட்டா என்ன ஆகும்னு நினைச்சாலே போதும். 2023 மிக்ஜாம் புயல்ல முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணி நின்னப்ப நம்ம பிள்ளைங்க சாப்பாடு கொண்டு போனாங்க, அந்த போட்டோவ பூஸ்ட் பண்ணலாம்னு ஒருத்தர் ஆசைப்பட்டார். ஐயர் ஒரே வார்த்தைல வேண்டாம்னுட்டார், "கை நீட்டி வாங்கினவங்க முகம் நம்ம விளம்பரத்துல வரக்கூடாது." அன்னிக்கு அவர் மேல எனக்கு இருந்த மரியாதை கூடிப் போச்சு.

சபைக் குடும்ப டைரில இருக்கற நம்பர்கள அப்படியே ஏத்தி அதுக்கு விளம்பரம் காட்டற வசதியும் இருக்கு. செய்யாதீங்க, ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் குடுத்த நம்பர் அது. கமெண்ட்ல திட்டினா மறைச்சுட்டு போயிடுங்க, மதமாற்றமான்னு நேராக் கேட்டா மட்டும் பொறுமையா பதில் சொல்லுங்க, பக்கத்துத் தெருக்காரராக்கூட இருக்கலாம்.

பேஜ் யாரு கையில இருக்குன்னு பாருங்க. எங்களுக்கு முதல்ல அமைச்சுக் குடுத்த ஏஜென்சி அதை அவங்க கணக்குக்குள்ள வச்சிருந்தாங்க, விலகினப்ப திரும்ப வாங்க நாலு மாசம் ஆச்சு. சபை பேர்ல கணக்கு, ரெண்டு அட்மின், ரெண்டு பேருக்கும் டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டோட இன்னொரு கோடும் கேக்கறது), இது இல்லாம ஒரு ரூபா போடாதீங்க.

இன்னொண்ணு ரொம்ப கனமானது. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு வாழப் பிடிக்கலன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு, நான் தூங்கிட்டேன், காலைல ஆறு மணிக்குத்தான் பாத்தேன். உடனே ஐயரோட மனைவி, ஐயரம்மா, போன் பண்ணிப் பேசினாங்க, ஆள் நல்லபடியா இருந்தாங்க, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அன்னில இருந்து ராத்திரி தானா போற பதில்ல மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசோட 104 ரெண்டு நம்பரும் முதல் வரில இருக்கு. நம்பர் குடுத்து கூப்பிட்டா யாரோ கூப்பிடுவாங்க, எடுக்க ஆள் வேணும். அதுக்கு ஆள் இல்லாத சபை விளம்பரம் ஆரம்பிக்காம இருக்கறதே மேல்.

செலவுன்னு பாத்தா ஒரு நாளைக்கு 150 ரூபா, அதுவும் வருஷம் முழுக்க இல்ல. டிசம்பர்தான் சீசன்னு நினைச்சேன், எங்களுக்கு அது ஜூன். மே மாசம் வீடு மாறுவாங்க, ஜூன்ல ஸ்கூல் திறக்கும், புதுசா வந்த குடும்பம் கோயில் தேடற நேரம் அது. அப்புறம் லெந்து (ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலம்) ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம். சின்ன பட்ஜெட்ட அஞ்சு விளம்பரமா பிச்சுப் போடாதீங்க, ஒரு வாரத்துல ஐம்பது பதிலாவது வந்தாத்தான் அந்த சிஸ்டம் ஆள் தேடக் கத்துக்கும்னு சொல்றாங்க, நம்ம காசுக்கு ஒண்ணே ஒண்ணு ஓடினாப் போதும்.

அண்ணாச்சி கேள்விக்கு பதில் தெரிய வாசல் கேட் பக்கத்துல ஒரு நோட்டு வச்சிருக்கோம், கோயில்பிள்ளை தாத்தா புதுசா வர்றவங்க கிட்ட எப்படி வந்தீங்கன்னு கேட்டு எழுதுவார். முக்கால்வாசி சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க கூட்டிட்டு வந்தது. அடுத்தது ரோட்டு போர்டு. விளம்பரம் மூணாவதுதான், அதை அப்படியே கமிட்டில சொல்லிடுவேன். ஆனா அந்த மூணாவது வரிசைல இருக்கற பேருங்கள வாசிச்சா, இங்க கூட்டிட்டு வர சொந்தம்னு யாருமே இல்லாதவங்க அவங்க.

இந்த ஜூனுக்கு வேலை ஆரம்பிச்சாச்சு. சாய்வு பாதைக்குப் புதுசா கைப்பிடி போட்டிருக்காங்க, போட்டோ மாத்தணும். அந்த வீல்சேர் அம்மாவையே படத்துல வர முடியுமான்னு கேட்டேன், மகன் கிட்ட கேட்டுட்டு சொல்றேன்னாங்க.