பழைய மடக்குக்கத்தியைத் தினமும் பாக்கெட்டில் வைத்துப் புழங்கலாமா?

நண்பர் ஒருவருக்குப் பழைய மடக்குக்கத்தி ஒன்று கிடைத்திருக்கிறது. சாணைக்கல்லே தொடாத அலகு. பெட்டியிலேயே வைப்பதா, பாக்கெட்டில் போட்டுப் புழங்குவதா என்று கேட்டார். அதே வகைக் கத்தியோடு பல வருஷம் பழகியவன் நான். எலும்புப் பிடி, 1095 என்ற துருப்பிடிக்கக்கூடிய கார்பன் எஃகு, பூட்டு இல்லாமல் முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தத்திலேயே அலகு நிற்கும் ஸ்லிப் ஜாயின்ட்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த எஃகைத் தீட்டுவது சுகம். சாதாரணக் கல்லில் கொஞ்ச நேரம் இழுத்தாலே கூர் ஏறிவிடும். பழம் நறுக்க நறுக்க அலகின் மேல் நீலமும் சாம்பலும் கலந்த ஒரு நிறம் படியும். பேட்டினா என்பார்கள். அது வெறும் கறை இல்லை. செந்துரு ஏறுவதை ஓரளவு தடுக்கும். துடைத்து, எப்போதாவது ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

அப்புறம், பெட்டிக்குள் வைத்துவிட்டால் பத்திரம் என்பதும் முழு உண்மை இல்லை. தோல் உறையில் நாள்கணக்காகக் கிடந்தால், அதிலுள்ள பதனிடும் ரசாயனமும் ஈரமும் சேர்ந்து அலகை அரிக்கும். செல்லுலாய்டு என்ற அந்தக்காலப் பிளாஸ்டிக்கில் பிடி போட்ட பழைய கத்தி பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம். அந்தப் பிடி சிதையத் தொடங்கும்போது வெளிவரும் வாயு, கூட இருக்கிற கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். தினமும் கையில் புழங்கும் கத்தியில் எந்தக் கோளாறும் உடனே கண்ணில் பட்டுவிடும்.

இதெல்லாம் சரி. என் வயிற்றெரிச்சல் வேறு.

இந்தக் கத்தியை மடக்கும்போது பாதி தாண்டியதும் ஸ்பிரிங்கே அலகை இழுத்து 'டக்'கென்று மூடும். அந்தச் சத்தத்துக்காகத்தான் வாங்கினேன். ஆனால் அப்படி மூடவிட்டால் வெட்டும் விளிம்பு உள்ளே போய் ஸ்பிரிங்கில் இடிக்கிறது. அலகின் அடியில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். விளிம்பு இடிக்காமல் அலகை நிறுத்துவதுதான் அதன் வேலை. என் கத்தியில் அந்த இடைவெளி போதவில்லை. விளக்கு வெளிச்சத்தில் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள்: நன்றாகத் தீட்டிய விளிம்பு கண்ணுக்கே தெரியாது. இதில் மட்டும் நடுவயிற்றில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். காகிதத்தில் வைத்து இழுத்தால் அதுவரை வழுக்கிக்கொண்டு போகும், அந்த இடம் வந்ததும் சிக்கிக் கிழிக்கும்.

உடனே கல்லை எடுக்க வேண்டும். ஒவ்வொரு தீட்டலிலும் எஃகு தேய்கிறது. புடைப்பை அரத்தால் ராவினால் அலகு இன்னும் ஆழமாக இறங்கி இடி அதிகமாகும். சிலர் ஸ்பிரிங்கின் மேல் துளித் தோலை ஒட்டிச் சமாளிக்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. விரலால் பிடித்து மெதுவாக மூடுகிறேன். விளிம்பு பிழைக்கிறது, ஆனால் நான் ஆசைப்பட்ட சத்தம் போச்சு.

சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது அலகு முழு அகலத்தோடு இருக்கிறதா என்றுதான். அடுத்தது அடியிலுள்ள முத்திரை. கேஸ் என்ற அமெரிக்கக் கத்தி நிறுவனத்தார் 1970-இல் முத்திரையின் கீழ் பத்துப் புள்ளி போட்டு, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஐந்து புள்ளி என்றால் 1975. அப்படி ஆண்டு தெரிந்து, தீட்டாமல் வந்த அலகைத் தேய்த்துவிட்டால் மறுபடி ஏற்ற வழியில்லை. இன்றும் உற்பத்தியில் உள்ள ரகமென்றால் தாராளமாகப் புழங்கலாம், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். நண்பருடையது அப்படி அல்ல.

அதனால் நண்பரே, அதைத் தோல் உறையிலிருந்து எடுத்து, எண்ணெய் பூசித் தனியாக வையுங்கள். புழங்க ஒபினெல் என்ற பிரெஞ்சு மடக்குக்கத்தி ஒன்று வாங்குங்கள். விளிம்பு இடிக்க அதில் முதுகு ஸ்பிரிங்கே கிடையாது, 1955-இலிருந்து பூட்டு வளையம் வேறு இருக்கிறது. ஈரத்தில் மரப்பிடி ஊதி அலகு இறுகும், அது பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லை. என் கத்தி நாளைக்கும் என் பாக்கெட்டில்தான் இருக்கும். அதைப் பார்த்து நீங்கள் முடிவு எடுக்க வேண்டாம்.